பாவா படித்த புத்தகம்

எங்கள் பள்ளிக்கூடத்து நூலகத்தின் கதையைச் சொல்வதென்றால் அக்காவின் கல்யாணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்காரர்களைக் கேட்டால் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை அனுப்பிய சிறிய உதவித்தொகையோடு அது தொடங்குகிறது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டுத் துளைப்பேன். நான் வாயைத் திறந்தாலே வீட்டில் ஆளுக்கொரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், அந்த ஆண்டு கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்துவிட்டேன். அதை வேறொருவர் வந்து கேட்டார்.

உதவித்தொகை நிஜமாகவே சிறியதுதான். ஓர் இரும்பு பீரோ வாங்கவும் அதை நிரப்பப் புத்தகம் வாங்கவும் சரியாக இருந்தது. மற்றதெல்லாம் ஊர் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊரும் சளைக்கவில்லை. பெயின்ட் அடிக்கிற ஒருவர் கோடை விடுமுறையில் வந்து மூலை அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். கல்யாண மண்டபத்துக்காரர் பழைய மின்விசிறி ஒன்றைக் கொடுத்தார். அது சுற்றும்போது முனகும், ஆனால் சுற்றும். லாரி வைத்திருந்த ஒருவர் தரையில் விரிக்கத் தார்ப்பாய் கொடுத்தார். என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவோம், பஜாரில் லுங்கி, துண்டுக் கடை. பொதட்டூர்பேட்டைத் தறிகளிலிருந்து சரக்கு வரும். அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் திரைச்சீலை தருவதாக வாக்களித்து, கட்டம் போட்ட லுங்கித் துணியையே வெட்டித் தைத்து அனுப்பிவிட்டார். இப்படியாக உலகத்திலேயே லுங்கி கட்டிய நூலகம் எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். திறப்பு விழாவுக்கு முருகன் கோயில் மலையடிவாரத்துப் பூக்கடை அத்தை பீரோவின் அகலத்துக்கு ஒரு மாலை கட்டிக்கொண்டு வந்து போட்டார். சுண்டல் கொடுத்தார்கள்.

அறக்கட்டளை வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமைதோறும் கடைசி பீரியடில் ஊரிலிருந்து யாராவது ஒரு பெரியவர் வந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்ட வேண்டும். சில வாரங்கள் கழித்து அங்கிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். ஊரே சேர்ந்து நூலகத்தை நடத்துகிறது என்று அவருக்குத் தோன்றினால் இன்னொரு தவணை புத்தகம் வரும். தோன்றாவிட்டால் பீரோ வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். டீச்சர் இதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னார். அந்தப் பீரோவில் இருந்த புத்தகங்களின் முதுகைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிவதற்கு முன்பே அது போய்விடக்கூடும் என்பது என்னால் தாங்கக்கூடிய விஷயமாக இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை தபால்காரர் வந்தார். வீடுவீடாகக் கடிதம் போடுகிற வேகத்தில் ஒரு கதையைப் போட்டுவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் படித்தது முன்வரிசைக்கே கேட்கவில்லை. அவருடைய காது மட்டும் சிவந்திருந்ததை நான் கவனித்தேன். அதற்கடுத்த வாரம் யாருமே வரவில்லை. சுண்ணாம்பும் விசிறியும் தார்ப்பாயும் கொடுத்த ஊர், ஒரு வெள்ளிக்கிழமையைக் கொடுக்கத் தயங்கியது. டீச்சர் போய்க் கேட்டால் கடையில் ஆளில்லை என்பார்கள், கிருத்திகை நெருங்குகிறது, மலைக்குக் கூட்டம் வந்துவிடும் என்பார்கள். பெரியவர்களுக்குத்தான் எத்தனை வேலை என்று நான் அதை அப்படியே நம்பினேன்.

இனி அக்காவின் கல்யாணத்துக்கு வருகிறேன். அந்த வைகாசியில்தான் நடந்தது. மாப்பிள்ளைக்கு நகரி. அவர்கள் வீட்டில் விசைத்தறி ஓடியது, நைனாவோடு வியாபாரப் பழக்கம் இருந்தது. ரயிலேறினால் பக்கத்து ஊர்தான், ஆனால் பக்கத்து மாநிலம். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் பெரிய தூரமில்லை. எங்கள் வீட்டிலேயே திட்டுவது தமிழில் என்றால் கொஞ்சுவது தெலுங்கில் நடக்கும். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன், எங்களோடு சரளமாகத் தமிழ் பேசுவார். பாலிடெக்னிக்கில் படித்தவர். இதை நைனா கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் லுங்கியைப் பிரித்துக் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்காவை எங்கள் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் பக்கத்தில் ஆஷாட மாதம் பிறக்கப் போகிறது, புதுப்பெண் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும். அது முடியும் முன்பே எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்துவிடும். ஆடியிலும் புதுப்பெண் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும். தமிழ் வீட்டில் தமிழ்ப் பெண்ணைக் கட்டியவன் ஆடியோடு தப்பிப்பான், தெலுங்கு வீட்டில் கட்டியவன் ஆஷாடத்தோடு தப்பிப்பான். எல்லையில் கட்டிக்கொண்ட பாவா இரண்டிலும் மாட்டிக்கொண்டார். போதாததற்கு ஆஷாடத்தில் மாமியாரும் மருமகனும் ஒரே வாசற்படியைத் தாண்டக்கூடாது என்றொரு வழக்கம் அவர்கள் பக்கம் உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா அதை ஆடி முடிகிறவரைக்கும் நீட்டிவிட்டார். ஆக, இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக பாவா எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

அக்காவைக் கொண்டுவந்து விட்ட அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்த பாவா, தட்டில் வைத்த அதிரசத்தைத் தொடாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நான் என்னுடைய கவலையை அவிழ்த்தேன். வெள்ளிக்கிழமை படித்துக் காட்ட ஆள் வரவில்லை, பீரோ போய்விடப் போகிறது என்றேன். நைனாவுக்குப் பெருமையடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டது. நம்ம மாப்பிள்ளை மாதிரி படித்தவர்கள் வந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நல்லது, ஆனால் அவருக்கு ஏது நேரம் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்.

பாவா தலையை நிமிர்த்தினார். "ஒவ்வொரு வெள்ளிக்கெழமையுமா வரணும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆங் பாவா. ஒரு வாரம்கூட உடக்கூடாது" என்றேன்.

அந்த வருடம் அவர்கள் பக்கத்தில் மின்சாரத் தட்டுப்பாடு. தறிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்ட் விடமாட்டார்கள். நகரியில் அவர்கள் தெருவுக்கு அது வெள்ளிக்கிழமையாக இருந்தது. பாவா வருவதாக ஒப்புக்கொண்டார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவருடைய சேவை மனப்பான்மையை மெச்சினார்கள். அதிரசமும் தட்டிலிருந்து காணாமல் போனது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வாரா வாரம் மாப்பிள்ளை ஊருக்குள் வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனால் நன்றாகவா இருக்கும்? வீட்டுக்கு வரக்கூடாது, பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு அனுப்பலாம். அடுக்கு கேரியரை என்னிடமே கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார் அம்மா. நான் ரசத்தைச் சிந்திவிடுவேன் என்று அக்கா சொன்னாள். நான் சிந்த மாட்டேன் என்றேன். போன வருடம் பொங்கலன்று நான் எதையோ சிந்தியதை அக்கா நினைவுபடுத்தினாள். கடைசியில் அக்காவே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்தில் யாருடைய வாசற்படியும் இல்லையே என்று நைனா ஒரு நியாயம் கண்டுபிடித்தார். அம்மா அந்த நியாயத்தைக் கேட்காததுபோலக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை பாவா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நூலக அறையில் உட்கார்ந்தார். லுங்கித் திரைகளைப் பார்த்துத் தன் மாமனாரை அடையாளம் கண்டுகொண்டிருப்பார். டீச்சர் பீரோவைத் திறந்து, விருப்பமானதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாவா ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைப் பார்த்தார், உள்ளே புரட்டினார், வைத்தார். எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். அட்டையில் ஒரு பஸ், மூட்டையோடு ஒரு தாத்தா, ஒரு நாய்.

பிறகு அவர் படித்த கதை இருக்கிறதே, அதைப்போல் ஒன்றை நாங்கள் கேட்டதில்லை. ஒரு தாத்தா மூட்டையோடு பஸ்ஸில் ஏறுகிறார். எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டால், இடம் வந்ததும் மூட்டையே சொல்லும் என்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இங்கே இல்லை என்று உட்கார்ந்துவிடுகிறார். பஸ் கனகம்மாசத்திரத்தைத் தாண்டுகிறது. மூட்டை கொஞ்சம் பெரிதாகிறது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொல்கிறார். பின்னாலேயே ஒரு நாய், மூச்சிரைக்க ஓடி வருகிறது. அது பஸ்ஸைத் துரத்துகிறதா, மூட்டையைத் துரத்துகிறதா? பாவா கண்டக்டராகப் பேசினார், தாத்தாவாக இருமினார், நாயாக நாக்கைத் தொங்கப்போட்டார். முனகுகிற மின்விசிறிகூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது. பொறுமையிழந்த கண்டக்டர் மூட்டையின் முடிச்சில் கை வைத்த நேரத்தில் பெல் அடித்தது. மீதி அடுத்த வாரம் என்று சொல்லி பாவா புத்தகத்தை மூடிவிட்டார். அறையின் பின்பக்கத்தில் கழுவிய கேரியரை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்த அக்கா, எங்களைப் போலவே பெருமூச்சு விட்டாள்.

உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாவாவுக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் தொடங்கி பாலிடெக்னிக்வரை அவர் படித்ததெல்லாம் அந்தப் பக்கத்தில், தெலுங்கிலும் இங்கிலீஷிலும். தமிழ் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. எங்கள் எல்லைப்புறத்தில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஆனாலும் நைனாவுக்கோ அம்மாவுக்கோ அது தோன்றவேயில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவருக்குப் படிக்கத் தெரியாமலா இருக்கும் என்றுகூட யாரும் யோசிக்கவில்லை. யோசனையே எழவில்லை. வந்த ஒரு மாதத்தில் மாமனார் வீட்டில் எனக்கு இது தெரியாது என்று எந்த மாப்பிள்ளைதான் சொல்லுவார்? அதிலும் சொன்னால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

திங்கட்கிழமை நாங்கள் பீரோவை முற்றுகையிட்டோம். அடுத்த வாரம்வரை யாரால் பொறுக்க முடியும்? மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சாலையைக் கடக்கும்போது முதலில் வலது பக்கம் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு முந்திய பக்கத்தில் பஸ் நின்ற பிறகே இறங்க வேண்டும் என்று இருந்தது. அட்டையிலிருந்த தாத்தா உள்ளே வெள்ளைக் கோடுகளின்மேல் ஒழுங்காக நடந்து போய்க்கொண்டிருந்தார். நாய்க்குப் பெயர்கூட இல்லை. ஆளாளுக்குப் பிடுங்கிப் பார்த்தோம். எழுத்துக்கூட்டிப் படித்தோம். மூட்டைக் கதை அதில் இல்லவே இல்லை.

பாவா ஏதோ குழப்பத்தில் வேறு புத்தகத்தின் கதையைப் படித்துவிட்டார் என்று நான் வாதாடினேன். கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எப்படி வேறு புத்தகத்தைப் படிக்க முடியும் என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான். அதனாலேயே எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. நான்தான் நிஜப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். வழக்கு டீச்சரிடம் போயிற்று. டீச்சர் சாலை விதிகள் புத்தகத்தை வாங்கி மெதுவாகப் புரட்டிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது முகம் ரொம்ப சீரியஸாக இருந்தது.

"அந்தக் கதை இந்த பீரோவுலதான் எங்கயோ இருக்கணும். தேடுங்க" என்றார்.

அன்றிலிருந்து மதிய இடைவேளையிலும் பீரோ திறந்தே இருந்தது. நாங்களும் தேடினோம், அப்படித் தேடினோம். தலைப்பைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு புத்தகத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டியிருந்தது. மூட்டை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தேனீக்கள் ஆடிக் காட்டி வழி சொல்லும் என்பது கிடைத்தது. கடலுக்கு அடியிலும் மலை இருக்கிறது என்பது கிடைத்தது. தன் நிழலோடு சண்டை போட்ட ஒரு ராஜா கிடைத்தார். ஒரு புத்தகத்தில் நடுவில் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அதையே மூன்று பேர் தனித்தனியாகப் படித்துச் சரிபார்த்தோம். பக்கங்களின் மூலைகள் மடங்கின, சில அட்டைகளில் ஊறுகாய் எண்ணெய் ஏறியது. திறப்பு விழாவன்று கண்ணாடிபோல் இருந்த புத்தகங்கள் ஆடி பிறப்பதற்குள் கோயில் கடை ஐந்து ரூபாய்ப் பஞ்சாங்கம்போல ஆகிவிட்டன.

வெள்ளிக்கிழமைகள் தவறாமல் வந்தன, பாவாவும் வந்தார். மூட்டை வளர்ந்துகொண்டே போயிற்று. பஸ்ஸின் டயர் அமுங்கியது, ஒரு போலீஸ்காரர் ஏறினார், மூட்டைக்குள்ளிருந்து சமையல் வாசனை வந்தது, இன்னொரு வாரம் அழுகைச் சத்தம் வந்தது. ஒவ்வொரு வாரமும் முடிச்சில் யாராவது கை வைப்பார்கள், பெல் அடித்துவிடும். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பாவாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். ரொம்பப் பெரிய புத்தகம், இன்னும் பாதிகூட முடியவில்லை என்றார். எங்கள் பீரோவில் பெரிய புத்தகமே கிடையாதே என்று அடுத்த கேள்வியை ஆரம்பித்தேன். அக்கா என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டாள்.

அக்காவின் நடவடிக்கையும் எனக்குப் பிடிபடவில்லை. பத்தாவது முடித்த அன்றே புத்தகங்களை எடைக்குப் போட்டவள் அவள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நூலகத்தில் ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தாள். ஊர்க்காரர்களும் எடுக்கலாம் என்பது அறக்கட்டளையின் விதி. வீட்டில் அது அலமாரியின்மேல் அப்படியே கிடக்கும். பரிசோதிப்பதற்காக ஒருமுறை அதன் நடுவில் ஒரு பூவிதழை வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இதழ் வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. படிக்காத புத்தகத்தை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்றாள். இது என்ன பதில் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அறக்கட்டளையிலிருந்து மேடம் வந்தது ஆடிக் கிருத்திகைக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கக் காவடி எடுத்து ஓய்ந்த களைப்பு. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊர் சேர்ந்து நடத்துவதைக் காட்ட வேண்டுமே என்று டீச்சர் எல்லோரையும் வரவழைத்திருந்தார். பெயின்ட்காரர், மண்டபத்துக்காரர், தபால்காரர், பூக்கடை அத்தை எல்லோரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நைனா நடுவில், பொத்தான் போட்ட கழுத்தோடு. கதவுத் திரைக்குப் பக்கத்தில் அக்கா கேரியரோடு நின்றிருந்தாள். பாவா வழக்கமான நாற்காலியில். பீரோ நிற்குமா போகுமா என்பது அன்று தெரிந்துவிடும். எனக்கு அதைவிட, பீரோவோடு மூட்டையும் போய்விடுமே என்ற பயம்.

மேடம் காட்டன் புடவை கட்டிய, அதிகம் பேசாத அம்மாள். பீரோவைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். ஊறுகாய்க் கறை. இன்னொன்றை எடுத்தார். முதுகு விட்டுப்போயிருந்தது. டீச்சர் கைகளைப் பிசைந்தார். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, இதில் எந்தக் கதை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டார். மூட்டைக் கதை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"அதத்தான் மேடம் நாங்க எல்லாரும் தேடிக்கினு இருக்கோம்" என்றேன்.

மேடம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார். படித்துக் காட்டுகிறவர் எங்கள் பாவாதான் மேடம், வாரா வாரம் நகரியிலிருந்து ரயிலில் வருகிறார், அவரைக் கேளுங்கள் என்று நான் உதவிக்குப் போனேன். மேடம் பாவாவிடம், அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொஞ்சம் படித்துக் காட்டச் சொன்னார். நைனா பக்கத்திலிருந்த மண்டபத்துக்காரரின் முழங்காலைத் தட்டி, பார் என்பதுபோல் தலையசைத்தார்.

பாவா எழுந்து பீரோவண்டை போனார். சாலை விதிகள் புத்தகத்தை எடுத்தார். திறந்தார். இஸ்திரி போட்ட சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. வழக்கம்போல் படத்தைப் பார்த்து ஏதாவது சொல்லியிருந்தால் மேடம் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்திருப்பார். அது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. புத்தகத்தை மூடினார்.

"மேடம், எனக்கு தமிழ் படிக்க வராதுங்க" என்றார். "நான் படிச்சதெல்லாம் தெலுங்கு. படத்த பாத்துக்கினு நானா சொன்ன கத அது."

நைனாவின் கை மண்டபத்துக்காரரின் முழங்காலில் இருந்தபடியே இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. என்னால்தான் எல்லாம் கெட்டது என்பதற்காக அல்ல, இத்தனை நாள் தேடிய கதை எங்கேயும் இல்லை என்பதற்காக. மேடமின் முகத்தில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

"அப்புறம் எதுக்குங்க வாரா வாரம் ரயிலேறி வர்றீங்க?"

பாவா புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். அவருடைய கண் ஒரு தடவை அறையின் பின்பக்கம் போய்த் திரும்பியது. நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை. கதவின் லுங்கித் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. திரைக்குக் கீழே அக்காவின் மெட்டியும் கேரியரும் தெரிந்தன.

"ஆடி மாசம், மேடம்" என்றார் பூக்கடை அத்தை.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெயின்ட்காரர் இருமினார். தபால்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். பிறகு யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, பெஞ்சு முழுவதும் குலுங்கியது. டீச்சர் சிரித்தார். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி கழற்றினார். நைனாவின் கழுத்தும் காதும் சிவந்துபோய், சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் ஜன்னலில் தான் தைத்துக் கொடுத்த துணியை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. படிக்கத் தெரியாது என்று ஒரு மனுஷர் சொன்னால் அதற்குப் போய் இப்படிச் சிரிப்பார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பாவாவும் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிரித்து முடித்த பிறகு மேடம் பாவாவை உட்காரச் சொல்லி, கதை எதுவரை வந்திருக்கிறது என்று எங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேலே சொல்லச் சொன்னார். எங்களோடு தார்ப்பாயில் உட்கார்ந்து கேட்டார். அன்றும் மூட்டை திறக்கப்படவில்லை. பீரோ எங்களுக்கே என்று ஆயிற்று. பொங்கலுக்கு முன்னால் அடுத்த தவணை புத்தகம் வந்தது. அதில் ஒரு தட்டு நிறையத் தெலுங்குப் புத்தகமும் இருந்தது.

வெள்ளிக்கிழமைகளுக்கு அதன்பிறகு ஆள் பஞ்சமே இல்லை. அடுத்த வாரமே பாவாவின் கதைக்கு முன்னால் படிக்க, பூக்கடை அத்தை, நான் வரட்டுமா டீச்சர் என்று கேட்டுக்கொண்டு வந்தார். எழுத்துக்கூட்டித்தான் படித்தார். தடுக்கிய இடத்தில் முன்வரிசையைக் கேட்டுக்கொண்டார். அப்புறம் பெயின்ட்காரர் வந்தார். கூட்டம், கடை, கிருத்திகை என்று சொன்னவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்தார்கள். திடீரென்று ஊரில் எல்லோருக்கும் எப்படி வேலை குறைந்துபோயிற்று என்று நான் ரொம்ப நாள் வியந்திருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பதற்கு அவர்களில் பலருக்கு எவ்வளவு பயம் இருந்தது என்பதும், அந்தப் பயத்தை பாவா எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் போக்கிவிட்டார் என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நைனா இரண்டு நாள் கடையே கதியென்று இருந்தார். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எழுத்து தெரியலன்னா இன்னா, ஆளு கெட்டிக்காரன்தான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆவணி பிறந்தது. முதல் நாளே பாவா வந்து, வாசற்படியை வலது காலால் தாண்டி, அக்காவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் பிய்த்தெடுத்தார்கள். மூட்டையில் என்ன, மூட்டையில் என்ன என்று என்னிடம்தான் கேட்டார்கள். எனக்கு மட்டும் தெரியுமா? வாக்குத் தவறிய பாவாவின்மேல் எனக்குச் சொல்ல முடியாத கோபம்.

தலைதீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையில் மஞ்சள் வைத்துக்கொண்டு பாவா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தாள். வெளியே வெடிச் சத்தம். நான் நேரே போய் அவர் முன்னால் நின்று, மூட்டையில் என்னதான் இருந்தது, இப்போதே சொன்னால் ஆயிற்று என்றேன்.

பாவா அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"அதுல இன்னா இருக்குதுன்னு எனக்கே தெரியாது பாப்பா. ஆடி முடியறவரைக்கும் அத தொறக்கக்கூடாதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

அக்கா தட்டை வைத்துவிட்டு அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டு யாராவது அடிப்பார்களா? எனக்குத்தான் மனசே ஆறவில்லை. ஒரு கதையை முடிக்கக்கூடத் தெரியாத ஆளைப் போய்க் கட்டிக்கொண்டாளே என்று அன்றைக்கு முழுவதும் அக்காவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.